சனிக்கிழமைப் பிணங்கள்

ஆகஸ்ட் 2, சனி

மூன்றாவது பெஞ்சு உடைந்தது. கறையான் அரித்த கால்தான், ஆனால் பழி என் தலையில். ஜெனரேட்டர் போடும் பக்காரி ஆணி தேடிக்கொண்டே முனகினான். "அக்கா, நீ கொஞ்சம் கம்மியாப் பேசியிருந்தா இந்த பெஞ்சு நோன்பு வரைக்கும் தாங்கியிருக்கும்."

நான் எப்படிக் கம்மியாகப் பேசுவது? என் படக் கொட்டகைக்கு ஜனம் வருவதே என் வாய்க்காகத்தான். இன்றைய படம் சீனமா கொரியனா, ஒரு எழவும் தெரியாது. அவர்கள் அவர்கள் பாஷையில் கத்துகிறார்கள், நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். புரியாமல் இருப்பதுதான் வசதி. புரிந்திருந்தால் அவன் சொன்னதையே சொல்லவேண்டியிருக்கும்.

இன்றைக்கு ஜாம்பிப் படம். சனிக்கிழமை என்றால் சிரிக்கவைக்கும் ஜாம்பிதான், மாற்றவே மாட்டேன். ஒருத்தன் உயிர் பிழைக்க ஓடுகிறான், பாதியில் நின்று கழன்ற செருப்பைத் தேட ஆரம்பிக்கிறான். பின்னால் ஐம்பது பிணம். "விட்டுத் தொலைடா, வேற வாங்கிக்கலாம்!" என்று கொட்டகையே கத்துகிறது. அவன் விடமாட்டேன் என்கிறான். புதுச் செருப்பாம்!

அப்புறம் செத்துப்போன பெண்டாட்டி வீட்டுக்குத் திரும்பி வரும் இடம். கழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். புருஷன் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறான். அவள் வந்து கதவில் கரண்டியால் தட்டுகிறாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. எங்கள் தெருத் தலைவன் மிஹாம்போவின் பெண்டாட்டி கபூலா இருந்தாளே, மழைக்காலத்தில் செத்தவள், அவளும் அப்படித்தான் உகாலிக் களிச் சட்டியைக் கரண்டியால் தட்டிப் புருஷனைக் கூப்பிடுவாள், தெருக்கோடி வரை கேட்கும். அவள் குரலிலேயே எடுத்துவிட்டேன். "மிஹாம்போ! உகாலி ஆறுது! தலைவர் வேலை அப்புறம் பாக்கலாம், வெளிய வா, இல்லேன்னா உன்னையே தின்னுடுவேன்!"

அங்கேதான் பெஞ்சு போனது.

கதவுப் பக்கம் மிஹாம்போவின் தொப்பி தெரிந்தது. அடுத்து நான் பார்க்கும்போது இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கொட்டகைக் கதவில் பூட்டு! என் பூட்டு இல்லை, இவ்வளவு பெரிய பூட்டு நான் வாங்கியதே இல்லை. பக்கத்தில் ஒரு அட்டை: "தெருத் தலைவர் உத்தரவு. மறு உத்தரவு வரும்வரை படம் கிடையாது."

வயிறு வலிக்கச் சிரித்தேன். பலே, என் அடிமையே! நேற்று நான் குத்தினேன், இன்று அவன் குத்துகிறான்.

அவன் ந்யாம்வேசி, நான் ஜராமோ. எங்கள் இரண்டு கூட்டத்துக்கும் முப்பாட்டன்கள் நாளிலிருந்து கேலிமுறை. அவன் என்னை அடிமை என்பான், நான் அவனை அடிமை என்பேன். யார் யாரை எந்தச் சந்தையில் வாங்கியது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. போன வருஷம் தெரு ஒலிபெருக்கியில் என் பல்செட் ஏலத்துக்கு வருகிறது என்று அறிவித்தவன். எனக்குப் பல்செட்டே கிடையாது! இரண்டு பேர் விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

பதிலுக்கு அந்தப் பூட்டுக்குக் கருவாட்டு மாலை போட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாலையைப் பூனை தின்றுவிட்டது. பூட்டு அப்படியே இருக்கிறது.

மிஹாம்போவிடமிருந்து பதில் இல்லை. காப்பிக்காரனிடம் கேட்டேன். "தலைவர் ஒண்ணுமே சொல்லலியே, குடிச்சாரு, போனாரு" என்கிறான். மிஹாம்போ ஒன்றும் சொல்லாமல் காப்பி குடித்தானா? உடம்புக்கு ஏதாவதா?

ஆகஸ்ட் 7, வியாழன்

நேரே போய்க் கேட்டேன். வாசலில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தான். "ஏ அடிமை, வெளையாட்டு போதும், சாவியக் குடு, சனிக்கிழமைக்கு பெஞ்சு அடிக்கணும்" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. வானொலியின் சத்தத்தைக் கூட்டினான்.

கேலிமுறையில் முகத்தைத் திருப்புவதா? அப்படி ஒரு ஆட்டமே கிடையாதே. திட்டலாம், தட்டிலிருந்து எடுத்துத் தின்னலாம், கோழியைப் பிடித்துக்கொண்டு போகலாம். கோபித்துக்கொள்வது மட்டும் ஆட்டத்தில் இல்லை. கோபித்தவன் தோற்றவன்.

விளையாட்டு இல்லையோ? முதல் தடவையாக இன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்படித் தோன்றியது. நிஜமாகவே பூட்டியிருக்கிறானோ?

பூட்டட்டும். பார்க்கலாம்.

ஆகஸ்ட் 9, சனி

சனிக்கிழமை வந்தது, ஜனமும் வந்தது. பூட்டின கதவைப் பார்த்து நின்றார்கள். மரவள்ளி வறுக்கிறவள் அடுப்பையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இடுகாட்டில் குழி வெட்டுகிற ஷோமாரி, காலில் இன்னும் செம்மண், "இன்னிக்கு ரெண்டு பேர எறக்கிட்டு வரேன், அக்கா. எனக்குச் சிரிச்சே ஆகணும். கதவத் தெற" என்றான்.

"பூட்டினது கதவைத்தான். என் வாயை இல்ல" என்றேன்.

சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றேன். திரை இல்லை, படம் இல்லை, மைக் இல்லை. பட்டப்பகல். "இருட்டு" என்று சொன்னேன், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கிழவன்கள்கூட. பக்காரியைப் பிணமாகப் படுக்கவைத்தேன். முழங்கால் விறைக்க அவன் எழுந்து நடந்த நடையைப் பார்த்து மரவள்ளிக்காரி எண்ணெய்க் கரண்டியைக் கீழே போட்டாள். செருப்புக்காரனாக நானே ஓடினேன். ஐம்பது பிணத்துக்குப் பதில் ஷோமாரி ஒருத்தன் துரத்தினான். குழி வெட்டுகிறவன் பிணமாக வந்து, "நான் வெட்டுன குழி எனக்கே சின்னதா இருக்குடா!" என்று அவனாகவே சேர்த்துக்கொண்டான். நான் சொல்லித் தரவில்லை.

பிணத்தைப் பார்த்து அப்படி என்ன சிரிப்பு என்று கேட்கிறவர்கள் இன்று வந்திருக்கவேண்டும். சண்டைப் படத்தில் செத்தவன் செத்தவன்தான், அடுத்த காட்சியில் அவனை யாருக்கும் ஞாபகம் இல்லை. அழுகைப் படத்தில் செத்தவள் சுவரில் புகைப்படமாகத் தொங்குவாள். இந்தப் படத்தில் மட்டும்தான் செத்தவர்கள் எழுந்து நேரே வீட்டுக்கு வருகிறார்கள். ஒரு கை குறையும், கழுத்து திரும்பியிருக்கும், ஆனாலும் வருகிறார்கள். அதுவும் பசியோடு. நாம் அலறுகிறோம். வந்தவன் வாசற்படியில் தடுக்கி மூஞ்சி அடிபட விழுகிறான். அலறிய வாய் மூடுவதற்குள் அதே வாயால் சிரிக்கிறோம். பயம் என்கிற கழுதையின் காதை ஒரு தடவையாவது நாம் பிடித்துத் திருகிவிட்டோம் அல்லவா? அது போதும் எனக்கு. ஷோமாரிக்கும் அது போதும்.

பெண்டாட்டி வரும் காட்சியை இன்று விட்டுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தெருக் கூட்டம். மாமரத்தடியில் நாற்காலி போட்டு மிஹாம்போ உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து, என் கொட்டகையை எந்தச் சட்டத்தில் பூட்டினாய் என்று கேட்டேன். கூடவே, "இல்ல, உன் பாட்டன் என் பாட்டன்கிட்ட சுமை தூக்குன கூலி பாக்கியா?" என்றும் கேட்டேன். ஜனம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

எழுந்து தொப்பியைக் கழற்றினான். "செமேனி அம்மா, நீங்க உக்காருங்க. செத்தவங்களக் கேலி பண்ற படம் இந்தத் தெருவுல வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். நீங்க வேற படம் போடறதா எழுதிக் குடுத்தா, சாவி வரும். ஒத்துழைப்புக்கு நன்றி."

நீங்க!

இருபது வருஷமாக அடிமையே, பல்லில்லாக் கிழவியே, கடற்கரைச் சோம்பேறியே. இன்று நான் "செமேனி அம்மா". என் மகள் பெயரைச் சொல்லி மரியாதையாக! ஜனத்துக்கு முன்னால்!

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கொட்டகையை அவன் போன வாரமே பூட்டிவிட்டான். இன்று பூட்டியது வேறு.

ஆகஸ்ட் 11, திங்கள்

நீங்களாம். உக்காருங்களாம். நன்றியாம்!

ஆகஸ்ட் 13, புதன்

பக்காரி சமாதானம் பேச வந்தான். "மன்னிப்புக் கேட்டுட்டுப் போயேன் அக்கா. கபூலா பேரை இழுத்தது தப்புதான்னு ஒரு வார்த்தை. வேற படம் போடலாம். கராத்தே போடலாம்."

மாட்டேன்.

மண்டைக்கனம் இல்லை. கேலிமுறைக்காரி மன்னிப்புக் கேட்டால் அன்றோடு முறை செத்தது. அப்புறம் நான் அவனுக்கு யார்? தெருவில் யாரோ ஒருத்தி. நாளைக்கு அவன் செத்தால் அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு, காலை அகட்டி வைத்து அவன் நடையை நடந்து காட்டுவது யார்? "தலைவர் இன்னும் சாகல, கூட்டத்துக்கு நேரமாச்சு எழுப்புங்க" என்று பாடையை உலுக்குவது யார்? குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, கோழி தந்தால்தான் எழுந்திருப்பேன் என்று அடம்பிடிப்பது யார்? நான் செத்தால் எனக்கு அவன்தான் செய்யவேண்டும். பிள்ளைகள் அழுவார்கள், அது அவர்கள் வேலை. அழுகிறவர்களை நடுவில் சிரிக்கவைத்து மூச்சுவிட வைப்பது எங்கள் வேலை. அதை உத்தரவு போட்டு ரத்து பண்ண முடியுமா, தொப்பி போட்டவனே?

கராத்தேயாம். பக்காரிக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 16, சனி

திரும்பவும் பெட்டிமேல் ஏறினேன். போன வாரத்தைவிட இரண்டு மடங்கு ஜனம். பள்ளிவாசல் பக்கத்துப் பெண்களும் முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். எழுதிக் கொடுக்கவேண்டுமாம்! எழுதியா கொடுப்பேன்? ஆடிக் கொடுக்கிறேன், பார்.

நடுவில் மிஹாம்போ அந்த வழியாகப் போனான். எல்லாரும் வாயை மூடினார்கள். நான் மூடவில்லை. அவனை நேராகப் பார்த்தேன், ஏதாவது சொல்லட்டும் என்று. ஒரு வசவு போதும் எனக்கு. ஒரே ஒரு "பல்லில்லாக் கிழவி".

தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனான்.

கோபக்கார முகம் எனக்குத் தெரியும், இருபது வருஷமாக அந்த முகத்தை நக்கலடித்தவள். அது கோபம் இல்லை. சுரைக்காய் உள்ளே காய்ந்துபோய் விதை மட்டும் கலகலவென்று ஆடுமே, அப்படி இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

மிஹாம்போவின் மகள் நியாமிசி முனையில் தலைபின்னும் கடை வைத்திருக்கிறாள். போய் உட்கார்ந்தேன். அப்பன் சண்டைக்கு மகள் சீப்பால் குத்துவாள் என்று நினைத்தேன். குத்தவில்லை. பாதித் தலையைப் பின்னி முடித்தாள்.

அப்புறம் அவளாகவே கேட்டாள். "அத்தே, எங்கம்மா குரல் உங்களுக்கு எப்படி அப்படியே வருது?"

"ஏன், உனக்கும் கோவமா?"

"இல்ல. கடைய விட்டு ஓடி வந்து கதவு பக்கம் நின்னு கேட்டேன். அம்மா உள்ள இருக்கறாங்கன்னே நெனச்சேன்."

கேட்டேன்: அவர்கள் சொந்த ஊர்ப்பக்கம் தபோராவில் அம்மாவை எடுத்தபோது கேலிமுறைக்காரர்கள் நன்றாக ஆடினார்களா, யார் வந்தார்கள், கோழி கேட்டார்களா? செத்துப் போனது அங்கே தங்கையைப் பார்க்கப் போன இடத்தில். மண் போட்டு முடித்த பிறகுதான் இங்கே தகவலே வந்தது. ஒழுங்காக எல்லாம் நடந்திருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நியாமிசியின் கை நின்றுவிட்டது.

"யாரும் வரல அத்தே. மழை. பாலம் உடைஞ்சு ரோடு இல்ல. நாங்க எங்காளுங்க மட்டும்தான். குழிக்குள்ள தண்ணி ஏறுதுன்னு சீக்கிரம் சீக்கிரம்னு எறக்கிட்டாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. அப்பா குழியப் பாத்துக்கிட்டே நின்னாரு, யாராவது வந்து குதிப்பாங்கன்னு. மண்வெட்டிய எடுத்தப்ப, இரு இரு, இன்னும் ஆளு வரணும்னாரு."

பின்னல் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இப்போது ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் புதர். நானே ஜாம்பி மாதிரிதான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அப்படியானால் கபூலாவை யாரும் வழியனுப்பவே இல்லை. அழுதார்கள், புதைத்தார்கள், அவ்வளவுதான். சிரிக்கவில்லை. நான் மைக்கில் அவளைக் கூப்பிட்டபோது அவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? செத்து முடிந்தவளைக் கேலி செய்தேன் என்று நான் நினைத்தேன். அவனுக்கு அவள் இன்னும் செத்தே முடியவில்லை.

தெரிந்த பிறகும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று செய்யப்போகிறேன். அவன் அடித்தால் அடிக்கட்டும். தெருவை விட்டே துரத்தினாலும் துரத்தட்டும்.

நியாமிசியிடம் கபூலாவின் காங்காத் துணி இரண்டும், அந்தச் சட்டியும் கரண்டியும் கேட்டு ஆள் அனுப்பினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கூடவே கபூலாவின் மூக்குக்கண்ணாடியும் வந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

மத்தியானம் போனேன், அவன் சாப்பிட உட்காரும் நேரம்.

கபூலாவின் காங்காவை அவள் கட்டுகிற மாதிரி நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டினேன். ஒரு கண்ணில் எனக்கு எதுவும் தெரியவில்லை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, காலை இழுத்து இழுத்துத் தெரு முழுக்க நடந்தேன். ஜாம்பி நடையும் கபூலாவின் நடையும் சேர்ந்த நடை. சின்னப் பிள்ளைகள் ஓடினார்கள். பெரியவர்கள் ஓடவில்லை, பின்னால் வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அவன் கதவில் நின்று சட்டியைத் தட்டினேன். டங், டங், டங்.

"மிஹாம்போ! நான் போய் எத்தன மாசம் ஆச்சு, இன்னும் அந்தக் கிழிஞ்ச சட்டையத்தான் போட்டிருக்கியா? என்னய அந்த மழையில தனியா விட்டுட்டு வந்துட்டியே, பாவி! குளிர் தாங்கல, நடந்தே வந்துட்டேன். தபோராவுலேருந்து! பஸ்ஸுல ஏத்த மாட்டேங்கறான், பொணத்துக்கு சீட்டு இல்லையாம். வெளிய வா! உகாலி ஆறுது!"

தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். பின்னால் அத்தனை ஜனமும் அப்படித்தான் நினைத்திருக்கும்.

தட்டைத் தள்ளி வைத்தான். எழுந்தான். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். மண்டி போட்டு, அந்தப் பெரிய உடம்பைச் சுருக்கி, கட்டிலுக்கடியில் நுழைந்துகொண்டான். படத்தில் அந்தப் புருஷன் புகுந்துகொண்டானே, அதே மாதிரி. கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு.

கட்டிலுக்கடியிலிருந்து குரல். "நான் இல்ல! நான் கூட்டத்துக்குப் போயிருக்கேன்னு சொல்லு!"

நியாமிசிதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் வாசல் முழுக்கச் சிரிப்பு. நான் சட்டியைத் தட்டிக்கொண்டே அவன் காலைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கட்டில் குலுங்கியது. உள்ளே சிரிக்கிறானா அழுகிறானா, எனக்குத் தெரியாது. குனிந்து பார்க்கவும் இல்லை. ரொம்ப நேரம் குலுங்கியது. கட்டில் ஓயும்வரை நான் தட்டுவதை நிறுத்தவில்லை. கை இப்போதும் வலிக்கிறது.

வெளியே வந்தபோது அவன் முகத்தில் சிலந்திவலை. நான் கொல்லைக்குப் போய், இருப்பதில் நல்ல சேவலாகப் பார்த்துப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கேலிமுறைக்காரிக்கு உண்டான கூலி. அதில் எனக்கு என்ன கூச்சம்?

ஆகஸ்ட் 21, வியாழன்

கபூலாவின் துணியையும் கண்ணாடியையும் சட்டியையும் கரண்டியையும் திருப்பிக் கொடுக்கப் போனேன், மீதிப் பின்னலை நியாமிசி போட்டுவிட்டாள். நிறையப் பேசினாள், எல்லாம் அம்மாவைப் பற்றி.

பூட்டு இன்னும் இருக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

பூட்டு இருந்தால் என்ன, சோடாப் பெட்டி இருக்கிறது என்று கிளம்பினேன். ஜனம் எனக்கு முன்னாலேயே நின்றது. கதவில் அதே பெரிய பூட்டு. அதற்கு ஒரு கருவாட்டு மாலை! நான் போட்டதைவிட நீளம்.

கை வைத்தேன். பூட்டு சும்மா மாட்டியிருந்தது, கையோடு வந்துவிட்டது.

உள்ளே முதல் பெஞ்சில் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு, காலை நீட்டி மிஹாம்போ உட்கார்ந்திருந்தான். திரும்பாமலே சொன்னான்.

"எவ்வளவு நேரம்டி, பல்லில்லாக் கிழவி? பொணமெல்லாம் பசியோட காத்துக் கெடக்கு. அடிமைய வேலைக்கு வச்சா இதான் கதி."

பதிலுக்கு என் வாயில் என்ன வந்தது என்று எழுதமாட்டேன். செமேனி படித்தாலும் படிப்பாள்.

அதே படத்தைத்தான் போட்டேன். செருப்புக்காரன் ஓடினான், ஷோமாரி கத்தினான், பக்காரி அடித்த பெஞ்சு தாங்கியது. செத்த பெண்டாட்டி வீட்டுக்கு வரும் இடம் வந்ததும் நான் மைக்கைக் கீழே இறக்கிவிட்டேன். திரையில் அவள் கதவுக்கு வந்து கரண்டியைத் தூக்கினாள்.

முதல் பெஞ்சிலிருந்து டங், டங், டங்.

சட்டியைச் சட்டைக்குள் மறைத்து எடுத்து வந்திருக்கிறான்!

படம் முடிந்து போகும்போது சேவலைத் திருப்பிக் கேட்டான். தின்றாகிவிட்டது என்றேன்.